ஜெயிச்சா நாம, தோத்தா ரெஃபரி

தம்பிங்களா, துக்கம் விசாரிக்கத்தான் வந்தேன். நம்ம அணி கிண்ண ஆட்டத்துல தோத்துட்டா இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு சாவு வீட்டு முறை நடக்குது, கவனிச்சிருக்கீங்களா? அன்னிக்கு ராத்திரி ரெஃபரியோட அம்மாவை இழுப்போம். மறுநாள் காலையில அவன் எந்த நாட்டுக்காரன்னு தேடுவோம். மூணாம் நாள் அந்த நாட்டுக்கும் ஜெயிச்ச நாட்டுக்கும் என்ன உறவுன்னு ஆராய்ச்சி. பக்கத்து நாடா இருந்தா பங்காளி, தூரத்து நாடா இருந்தா பணம். எட்டாம் நாள் ஆட்டத்தைத் திரும்ப நடத்தணும்னு கையெழுத்து வேட்டை. பதினாறாம் நாளுக்குள்ள மேன்செஸ்டர் யுனைடெட் எங்கேயாவது தோத்திருக்கும், துக்கம் அந்த வீட்டுக்கு மாறிடும்.

நான் இதைக் குறை சொல்ல வரல. முறைன்னா முறைதான். மெர்டேக்கா அரங்கத்துல நம்ம ஆர். ஆறுமுகம், ஊரே ‘ஸ்பைடர்மேன்’னு கூப்பிட்ட பையன், நீட்டுக் கையை வெச்சுக்கிட்டு கோல் காத்த காலத்துலேயே இந்தத் தொண்டை ‘ரெஃபரி காயு’ன்னு கத்தியிருக்கு. ஒரு மனுசனை மரக்கட்டைன்னு திட்டினா அவனுக்குப் பெருசா ஒண்ணும் வலிக்காது. ஆனா வாரம் பூரா துரைக்கும் தண்டலுக்கும் தலையாட்டிட்டு வந்தவனுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஒரு கத்தல் மருந்து மாதிரி இறங்கும்.

என் கவலை வேற. ரெஃபரி மேல சந்தேகப்படறதும் ஒரு வேலைதான், அதையாவது ஒழுங்காச் செய்யணும்ல? நீங்க செய்யறதுல பக்குவமே இல்லை.

2018-ஐ எடுத்துக்குவோம். அந்தப் புண்ணு இன்னும் ஆறலைன்னு எனக்குத் தெரியும். தென்கிழக்காசிய நாடுங்க மோதற சுசுகி கிண்ண இறுதி ஆட்டம். டிசம்பர் 11, புக்கிட் ஜாலில்ல 88,000 பேருக்கு மேல. 25 நிமிசத்துக்குள்ள வியட்நாம்காரன் ரெண்டு போட்டுட்டான். அப்புறம் ஷாருல் சாஅட் தலையால முட்டி ஒண்ணு, சஃபாவி ராசிட் ஃப்ரீ கிக்ல ஒண்ணு, 2-2. நாலு நாள் கழிச்சு ஹனோய். ஆறாவது நிமிசத்துல நுயென் ஆன் டுக் பந்தைத் தரையில விழவிடாம உதைச்சான். அந்த ஒரு கோலோட கதை முடிஞ்சது, மொத்தத்துல 3-2.

ரெஃபரி ஈரான்காரர், அலிரேசா ஃபகானி. அதே வருசம் ஜூலையில ரஷ்யாவுல உலகக் கிண்ணத்தோட மூணாம் இடத்து ஆட்டத்தை, பெல்ஜியமும் இங்கிலாந்தும் ஆடினதை, நடத்தின ஆளு. அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி ரியோ ஒலிம்பிக்ல பிரேசிலும் ஜெர்மனியும் மோதின இறுதி ஆட்டத்துக்கு விசில் பிடிச்சவரும் அவர்தான். அவருக்கு ஆட்டம் நடத்தத் தெரியலைன்னு பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு சாப்பாட்டுக் கடையில வெச்சு ராத்திரி பதினொரு மணிக்குத் தீர்ப்பு ஆயிடுச்சு. தீர்ப்புச் சொன்னவன் பரோட்டாவைக் குழம்புல தோய்ச்சுக்கிட்டே சொன்னான், கண்ணுல தண்ணி. குழம்புக் காரமா துக்கமான்னு எனக்குப் பிடிபடல.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். “ஆறாவது நிமிசம் கோல் விழுந்துச்சு. மீதி 84 நிமிசம் இருக்கு. அவ்வளவு நேரமும் வியட்நாம்காரன் கோல் கம்பம் இருந்த இடத்துலயேதானே இருந்துச்சு, ரெஃபரி அதைத் தூக்கிக்கிட்டா ஓடினான்?” இதைக் கேட்டதுக்கு, எனக்கு தே தாரிக் வாங்கித் தர்றதா இருந்த பையன் காசு கொடுக்க மாட்டேன்னுட்டான். உண்மை பேசினா ஒரு வெள்ளி எண்பது காசு நட்டம்.

அதே கிண்ணத்துல அதுக்குப் பத்து நாள் முன்னாடி என்ன நடந்துச்சு? அது மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. டிசம்பர் 5, பேங்காக்ல அரையிறுதி, 2-2. இங்க நடந்த ஆட்டம் 0-0 ஆனதால வெளியூர்க் கோல் கணக்குல நாம முன்னாடி நிக்கிறோம். நேரம் முடிஞ்சு, கூடுதல் நிமிசமும் முடியற நேரத்துல, ரெஃபரி தாய்லாந்துக்குப் பெனால்டி கொடுத்துட்டார். கடையில அப்பவே அவருக்கு எத்தனை லட்சம் பாட் போயிருக்கும்னு கணக்குப் போட ஆரம்பிச்சாச்சு. அடிசாக் கிரைசோர்ன் வந்தான், மூச்சை இழுத்து விட்டான், உதைச்சான், பந்து கம்பத்துக்கு மேல ஆகாசத்துக்குப் போயிருச்சு. அந்த நொடியிலேர்ந்து ரெஃபரி நல்லவர். கணக்குப் போட்ட லட்சமெல்லாம் எங்க போச்சுன்னு எவனும் கேட்கல. அவர் பேரு என்னன்னு இன்னிக்கு உங்கள்ல ஒருத்தன் சொல்லுங்க பாப்போம். அவரைத் திட்ட வேண்டிய அவசியம் வரலை, அதனால பேரும் தேவைப்படலை.

இன்னும் எட்டு வருசம் பின்னால போவோம். 2010, இதே கிண்ணத்தை நாம ஜெயிச்ச வருசம். பயிற்சியாளர் நம்ம கே. ராஜகோபால். அதுக்கு முந்தின வருசம் லாவோஸ்ல சீ விளையாட்டுத் தங்கமும் அவர் காலத்துலதான் வந்துச்சு. டிசம்பர் 26, புக்கிட் ஜாலில்ல இந்தோனேசியாவோட இறுதி ஆட்டத்தோட முதல் பாகம். கூட்டத்துலேர்ந்து எவனோ லேசர் வெளிச்சத்தை அவங்க கோல் கீப்பர் மூஞ்சியில அடிக்கிறான். அவங்க ஆட மாட்டோம்னு நின்னுட்டாங்க, ஆட்டம் சில நிமிசம் நின்னுச்சு. திரும்ப ஆரம்பிச்சதும் சாஃபீ சாலி ஒண்ணு, அஷாரி ஷம்சுடின் ஒண்ணு, மறுபடி சாஃபீ ஒண்ணு. கால் மணி நேரத்துக்குள்ள மூணு. மூணு நாள் கழிச்சு ஜகார்த்தாவுல 2-1 தோத்தோம். அங்கேயும் அவங்களுக்கு ஒரு பெனால்டி கிடைச்சு, நம்ம கைருல் ஃபாமி அதைப் பிடிச்சுட்டான். மொத்தத்துல 4-2, கிண்ணம் நமக்கு. பிரதமர் நஜிப் டிசம்பர் 31-ஐப் பொது விடுமுறையா அறிவிச்சார், நாம எல்லாம் வீட்டுல படுத்து நிம்மதியாத் தூங்கினோம்.

அன்னிக்கு ஜகார்த்தாவுல ஒரு கடையில ஒருத்தன் உட்கார்ந்து என்ன பேசியிருப்பான்? இன்னிக்கு நீங்க பேசறதை அப்படியே அவன் பாஷையில பேசியிருப்பான். அவன்கிட்டயாவது கையில ஆதாரம் இருந்துச்சு. பச்சை நிறத்துல, தொலைக்காட்சியில எல்லாரும் பாத்தது. லேசர் அடிச்சவன் எவன்னு நான் விசாரிக்கப் போகலை. என் சட்டைப் பையில கச்சாங் பூத்தே பொட்டலம் மட்டும்தான் இருந்துச்சுன்னு மாரியம்மன் கோயில்ல கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணத் தயார்.

2017-ஐயும் போகிற போக்குல சொல்லிடறேன். ஷா ஆலாம் அரங்கத்துல சீ விளையாட்டு. அரையிறுதியில நம்ம என். தனபாலன் கடைசி நேரத்துல தலையால முட்டி இந்தோனேசியாவை அனுப்பி வெச்சான். ஆகஸ்ட் 29, இறுதி ஆட்டம் தாய்லாந்தோட. கார்னர் பந்தைக் குத்தி வெளியே தள்ளப் போன நம்ம கோல் கீப்பர், தன் வலைக்குள்ளேயே குத்திட்டான். 0-1. பாவம், சின்னப் பையன். சரி, இதுக்காவது ரெஃபரியை விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். பக்கத்துல இருந்தவர் எழுந்து, “அது கார்னரே இல்லைங்க!”ன்னார். அந்த மனுசனுக்கு அன்னிக்கே நான் மனசுக்குள்ள மாலை போட்டேன்.

இப்போ உங்க கையில இருக்கிற பெரிய வழக்குக்கு வருவோம். 2022 டிசம்பர் 27, மறுபடி ஹனோய், மை டின் அரங்கம். அதே தென்கிழக்காசியக் கிண்ணம், இறுதி ஆட்டம் இல்லை, பிரிவு ஆட்டம்தான். ஆனா விழுந்த சாபம் இறுதி ஆட்டத்துக்கு விழுந்ததை விட அதிகம். ரெஃபரி ஜப்பான்காரர், ரியூஜி சாத்தோ. முதல் பாதியில வியட்நாம்காரன் வான் தோவானுக்கு ரெண்டாவது மஞ்சள் அட்டை காட்டி வெளிய அனுப்பினார். அப்போ கடையில என்ன பேச்சு? “ஜப்பான்காரன்னா நேர்மைடா, ரயில் ஒரு நிமிசம் லேட்டானா மன்னிப்புக் கேக்கிற ஜாதிடா.” சரின்னு நானும் தலையாட்டினேன். ரெண்டாம் பாதியில நம்ம அசாம் அசிக்கும் அவங்க டொவான் வான் ஹாவுக்கும் கோல் கோட்டுக்கு வெளிய ஒரு மல்லுக்கட்டு. பந்து இந்தப் பக்கம் ஆட்டத்துல ஓடிக்கிட்டு இருக்கு. சாத்தோ வந்தார், அசாமுக்குச் சிவப்பு அட்டை, கையைப் பெனால்டி புள்ளிக்கு நீட்டினார். கடைசியில 3-0. ரயில் பேச்சு பேசினவனே மேசையில குத்தி, “ஜப்பான்காரன் நம்ம நாட்டை மூணரை வருசம் ஆண்டவன்தானே!”ன்னு 1942-ஐ இழுத்தான்.

எல்லாரும் கேட்டது ஒரு கேள்விதான்: “திடலுக்கு வெளிய நடந்த அடிபிடிக்கு உள்ள எப்படி பெனால்டி?” கேட்கிறப்ப நியாயமாத்தான் இருந்துச்சு. என் பேத்தி விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படிச்சுக் காட்டினா. அவ யூனிவர்சிட்டியில படிக்கிறவ, என்னை மாதிரி இல்லை. 2016-லேயே மாத்தி எழுதிட்டாங்களாம். பந்து ஆட்டத்துல இருக்கும்போது ஒரு ஆட்டக்காரன் கோட்டுக்கு வெளிய எதிராளிகிட்ட தப்பு பண்ணா, அதுக்குப் பக்கத்துல இருக்கிற எல்லைக் கோட்டுலேர்ந்து ஃப்ரீ கிக். அந்த இடம் தப்பு பண்ணவனோட பெனால்டி கட்டத்துக்குள்ள வந்துட்டா, பெனால்டி. கோல் கம்பத்துக்குப் பக்கத்துல நடந்தா வேற எங்க வரும்? விதி வந்து ஆறு வருசம் ஆச்சு, நமக்கு அன்னிக்கு ராத்திரிதான் தெரிஞ்சுச்சு, அதுவும் என் ஒருத்தனுக்கு. நான் போய்க் கடையில சொன்னேன். “தாத்தா, நீங்க எந்த நாட்டுக்காரர்?”னு கேட்டான் ஒருத்தன்.

வான் ஹாவ் முதல்ல சீண்டினானா, அவனுக்கும் ஒரு அட்டை காட்டியிருக்கணுமா, அது தனி வழக்கு. அதுல நான் உங்க கட்சிதான். ஒரு தடவை பாத்து ஒரு நொடியில சொல்லணும்னா மனுசன் தப்புப் பண்ணத்தான் செய்வான். அந்தக் கிண்ணத்துக்கு, காணொளியைத் திரும்பப் போட்டுப் பாக்கிற வி.ஏ.ஆர். வந்ததே 2024-லதான். அதே வருசம் நம்ம சூப்பர் லீக்குக்கும் வந்தது. வந்ததுல ஒரு லாபம் இருக்கு. முன்னாடி திட்டறதுக்கு நாலு பேருதான் இருந்தாங்க, இப்போ டிவிப் பொட்டி முன்னாடி உட்கார்ந்திருக்கிறவனையும் சேர்த்துக்கலாம்.

ரெஃபரி ஒரு பக்கமாச் சாய்வானான்னு கேட்டா, சாய்வான்னுதான் சொல்வேன். அதையும் பேத்திதான் படிச்சுச் சொன்னா. இங்கிலாந்துல லிவர்பூலும் லெஸ்டரும் ஆடின ஆட்டத்துலேர்ந்து மோதல்களை மட்டும் வெட்டி எடுத்து, தேர்ச்சி பெற்ற நாற்பது ரெஃபரிங்ககிட்ட போட்டுக் காட்டியிருக்காங்க. பாதிப் பேருக்குக் கூட்டத்தோட சத்தத்தோட, மீதிப் பேருக்குச் சத்தமே இல்லாம. சத்தம் கேட்டவங்க, சொந்தத் திடல் அணி செஞ்ச தப்புகளுக்கு மத்தவங்களை விட 15.5 விழுக்காடு குறைவா விசில் ஊதியிருக்காங்க. நெவில்ங்கறவரும் அவர் கூட்டாளிகளும் 2002-ல வெளியிட்ட ஆராய்ச்சி. ரெஃபரி பணம் வாங்கலை, சொந்தக்காரனும் இல்லை. காதுல விழுந்த இரைச்சல் கையைப் பிடிச்சுக்கிச்சு, அவ்வளவுதான்.

இப்போ யோசிங்க. புக்கிட் ஜாலில்ல 88,000 பேரு நெஞ்சு கிழியக் கத்தறோமே, அது என்ன? காசில்லாத லஞ்சம் தம்பி. நாம தலைக்கு ஒரு தொண்டை கொடுத்து ரெஃபரியை வாங்கப் பாக்கிறோம். ஹனோய்ல அவன் நாற்பதாயிரம் தொண்டை கொடுத்து வாங்கினா மட்டும் அநியாயமா?

நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்துல இந்தத் தொல்லை எல்லாம் கிடையாது. ரெஃபரி கிராணியார். பெரட்டுல பேர் கூப்பிடறவரும் அவர்தான், செக்ரோல்ல பேர் போடறவரும் அவர்தான். ஞாயித்துக்கிழமை அவர் கொடுத்த பெனால்டியை எதிர்த்துப் பேசினா திங்கக்கிழமை காலையில உனக்கு மேட்டு மரம்தான் விழும். பால் வாளியைத் தூக்கிக்கிட்டு ஏறி இறங்கு. ஒரு தீபாவளிக் கிண்ண ஆட்டத்துல பக்கத்துத் தோட்டத்துக்காரங்க வந்திருந்தாங்க. என் சித்தப்பா மகன் பந்தைக் கையால தட்டி உள்ள போட்டான். தட்டின சத்தம் லயத்துல இருந்த கிழவிக்கே கேட்டிருக்கும். எல்லாரும் கிராணியாரைப் பாக்கிறோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினார். வேட்டி நுனியை எடுத்து இந்தக் கண்ணாடியைத் துடைச்சார், அப்புறம் அந்தக் கண்ணாடியைத் துடைச்சார், நிதானமா மாட்டினார். “ஆட்டம் நடக்கிறப்ப கண்ணாடி துடைச்சிக்கிட்டு இருந்தேன், பாக்கல. கோல்!”னார். நாங்க அவரைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் திடலைச் சுத்தி வந்தோம்.

அடுத்த வருசம் அவங்க தோட்டத்துல ஆட்டம். அவங்க கிராணி, அவங்க கண்ணாடி. எங்க ஆளு பந்தைத் தொடவே இல்லை, பெனால்டி. அன்னிக்கு நாங்க நீதி, நேர்மை, தர்மம்னு பேசின பேச்சை நீங்க கேட்டிருக்கணும். ஒருத்தன் காந்தியைக் கூட இழுத்தான். திரும்பி வர்றப்ப லாரியில அவங்க கொடிக் கம்பம் ரெண்டும் இருந்துச்சு. அது எப்படி வந்துச்சுன்னு இப்போ எதுக்கு?

“அப்போ ரெஃபரிங்க எல்லாம் உத்தமருங்களா தாத்தா, கெலோங்னு, காசு வாங்கிக்கிட்டு ஆட்டத்தை விக்கறதுன்னு ஒண்ணு கிடையாதா?”ன்னு கேக்கிறீங்க. கிடையாதுன்னு நான் சொல்வேனா? கெலோங்குக்குப் பேர் போன மண்ணுல உட்கார்ந்துக்கிட்டு? 1994-ல நம்ம லீக்குல வெடிச்சதைக் கேட்டுப் பாருங்க உங்க அப்பாகிட்ட. 21 ஆட்டக்காரங்களும் பயிற்சியாளர்களும் வேலையை விட்டு நீக்கப்பட்டாங்க, 58 ஆட்டக்காரங்களுக்கு இடைநீக்கம், 126 பேர்கிட்ட விசாரணை. கிண்ணம் கிண்ணமாப் பாத்து வளந்த ரசிகன் அதுக்கப்புறம் திடல் பக்கம் வர்றதையே விட்டான். அந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்க. பணம் வாங்கினதா மாட்டினவன் நம்ம ஜெர்சி போட்டவன். நாம பேரைச் சொல்லிக் கத்தி, கையெழுத்து வாங்கி, பையனுக்கு அவன் பேரையே வெச்சோமே, அவன். நாங்க அவ்வளவு நாளும் நடுவுல கறுப்புச் சட்டை போட்டவனைத்தான் முறைச்சுக்கிட்டு இருந்தோம்.

ரெஃபரிங்களும் மாட்டியிருக்காங்க. நைஜர் நாட்டு இப்ராஹிம் ஷைபூவுக்கு ஃபிஃபா 2019-ல ஆயுள் தடை போட்டுச்சு. அந்தக் கதையில அடிபடற இன்னொரு பேரு வில்சன் ராஜ் பெருமாள், சிங்கப்பூர்த் தமிழன். உலகம் பூரா ஆட்டத்தை விலை பேசினவன், 2011-ல ஃபின்லாந்துல ஒரு பனி ஊர்ல பிடிபட்டான். தமிழன் இல்லாத இடம் இல்லைன்னு நாம பெருமை பேசறப்ப இதையும் சேர்த்துக்கணும். அதே 2011 பிப்ரவரியில துருக்கி அந்தாலியாவுல ஒரே நாள்ல ரெண்டு நட்பு ஆட்டம், எஸ்தோனியா பல்கேரியாவோட, லாத்வியா பொலிவியாவோட. மொத்தம் ஏழு கோல், ஏழும் பெனால்டி. அந்த ரெஃபரிங்களுக்கும் ஆயுள் தடைதான். இதெல்லாம் எங்க நடந்துச்சுன்னு பாருங்க. கிண்ணமில்லாத ஆட்டம், கூட்டமில்லாத திடல், நாளைக்கு எவனும் பேசப் போறதில்லை. விலை பேசறவன் 88,000 பேரு கண்ணு விழற இடத்துக்கு ஏன் வரான்? நீங்க எங்க பாக்கலையோ அங்க வருவான்.

சரி, நீங்க கடைசியா மனசாரச் சந்தோசப்பட்ட ஆட்டம் எது? 2025 ஜூன் 10, புக்கிட் ஜாலில், வியட்நாமை 4-0. ஆகா, என்ன ராத்திரி! பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில ஹாரன் அடிச்சுக்கிட்டே போனவங்கள்ல என் பேரனும் ஒருத்தன். அன்னிக்கு ரெஃபரி யாரு? தெரியாது. கெலோங்னு எவனாவது சொன்னானா? சொன்னா அடிதான் விழுந்திருக்கும். முதல் கோல் போட்டவன் பிரேசில்லேர்ந்து வந்த ஜுவாவ் ஃபிகெய்ரெடோ, ரெண்டாவது அர்ஜென்டினாவுலேர்ந்து வந்த ரொட்ரிகோ ஹொல்காடோ. எங்கேயோ பிறந்த பிள்ளைங்க, ஆனா தாத்தா பாட்டி நம்ம மண்ணாம். பினாங்கு, மலாக்கா, ஜொகூர், சரவாக்குன்னு பத்திரம் இருந்துச்சு. செப்டம்பர்ல ஃபிஃபா அந்தப் பத்திரங்களோட மூலத்தை அங்கங்க தேடி எடுத்துப் பாத்தா, பாட்டன் பாட்டி எல்லாம் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்துல பிறந்தவங்க. ஏழு ஆட்டக்காரங்களுக்கு ஒரு வருசத் தடை, நம்ம காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். நவம்பர்ல மேல்முறையீட்டையும் தள்ளிட்டாங்க. ஆவணத்துல நடந்தது தொழில்நுட்பத் தவறுன்னு சங்கம் சொல்லுச்சு.

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வரலை, பொறாமைதான் வந்துச்சு. எங்க தாமான்ல ஒரு பாட்டி இருக்கா. இங்கேயே பிறந்து, இங்கேயே பால் வெட்டி, இங்கேயே ஆறு பிள்ளை பெத்தவ. பிறப்புப் பத்திரம் இல்லைன்னு இத்தனை வருசமா சிவப்பு அடையாள அட்டையோட பதிவிலாகாப் படியேறி இறங்கறா. அவளுக்கு இடது கால்ல பந்து உதைக்கத் தெரிஞ்சிருந்தா காரியம் எப்பவோ முடிஞ்சிருக்கும்.

உங்க சந்தேகத்துல பழுதுன்னு நான் சொல்றது இதைத்தான். தோத்த ஆட்டத்தை எல்லாம் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தீங்க, அங்க பெருசா ஒண்ணும் கிடைக்கலை. கோளாறு இருந்த ஆட்டம் நீங்க ஹாரன் அடிச்ச ஆட்டம்.

இன்னொண்ணும் கேட்டுடறேன், கோச்சுக்காதீங்க. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம்னு, மிஃபான்னு, நம்ம பேர்ல ஒரு அணி இருந்துச்சே. 2019-ல பெட்டாலிங் ஜெயா சிட்டின்னு பேரு மாறி சூப்பர் லீக்ல ஜொகூரோடயும் சிலாங்கூரோடயும் மோதுச்சு. நம்ம பையன்க நிறையப் பேரு ஆடின அணி. 2022 பருவத்தோட லீக்கை விட்டே விலகிடுச்சு. அந்த நாலு வருசத்துல நீங்க எத்தனை டிக்கெட் வாங்கினீங்க? கிள்ளான்லேர்ந்து கூட்டரசு நெடுஞ்சாலையில ஏறினா அரை மணி நேரம். நான் போனப்ப பெஞ்சு பெஞ்சாக் காலியா இருந்துச்சு, படுத்துக்கிட்டுக் கூட ஆட்டம் பாத்திருக்கலாம். அங்க ரெஃபரியைத் திட்டக்கூட ஆள் போதலை. நான் ஒருத்தனாக் கத்தினேன், ரெஃபரி திரும்பி என்னைப் பாத்துக் கையசைச்சார், வந்ததுக்கு நன்றிங்கற மாதிரி.

ஆகையால இந்தக் கிழவன் யோசனை இது. உங்களுக்கு விதி தெரியும், ஆஃப்சைடு தெரியும், எந்த ரெஃபரி எங்க தப்புப் பண்ணான்னு தேதியோட தெரியும். இவ்வளவு திறமையைக் கடையில வீணாக்கலாமா? மாநிலக் காற்பந்துச் சங்கங்கள் புது ரெஃபரிங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தறாங்க. போய்ப் பேரைக் கொடுங்க. காலையில எழுந்து ஓடிக் காட்டணும், அது கொஞ்சம் சிரமம், பரோட்டாவைக் குறைச்சுக்கணும். தேறி வந்துட்டா ஞாயித்துக்கிழமை பன்னிரண்டு வயசுப் பிள்ளைங்க ஆட்டத்தை உங்க கையில கொடுப்பாங்க. அப்பன், ஆத்தா, மாமன், சித்தப்பன் எல்லாம் கோட்டுக்கு ஒரு அடி தள்ளி நின்னு பாப்பாங்க. முதல் பெனால்டி கொடுத்துப் பாருங்க.

எந்தத் திடல், எத்தனை மணின்னு மட்டும் முன்கூட்டியே எனக்குச் சொல்லிடுங்க. நாற்காலி எடுத்துக்கிட்டு வந்து முன் வரிசையில உட்காருவேன்.